வாடகை 25,000 என்றால் மாதச் செலவு எவ்வளவு? சென்னையிலிருந்து பெங்களூருக்கு வீடு மாறும் கணக்கு

நவம்பர் 3, 2025 (கேள்வி)

ஜனவரியில் வேலை பெங்களூருக்கு மாறுகிறது. இப்போது வேளச்சேரியில் இரண்டு பெட்ரூம் அபார்ட்மெண்ட். வாடகை 22,000, மெயின்டனன்ஸ் 2,000, அட்வான்ஸ் 66,000. நாலு வருஷமாக இதே வீடு. எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் அதே அளவு வீடு 25,000-க்குக் கிடைக்கிறது. மாதம் மூவாயிரம்தானே கூடுதல், சம்பள உயர்வு அதைத் தாங்கிவிடும் என்று நினைக்கிறேன். ஓசூரில் குடியிருந்து போய்வரலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். கணக்கில் எதை விட்டிருக்கிறேன்?

நவம்பர் 3, இரவு

பாதியை விட்டிருக்கிறீர்கள். பெங்களூரில் கைக்காசு கரைவது மூன்று நாட்களில்: குடிபோகும் நாள், பதினோரு மாதம் முடியும் நாள், காலி செய்யும் நாள்.

குடிபோகும் நாள். பத்து மாத அட்வான்ஸ் அந்த ஊரின் பழைய வழக்கம். இப்போது பல இடங்களில் ஐந்து, ஆறு மாதத்தில் முடிக்கிறார்கள். பெரிய அபார்ட்மெண்ட்டுகளில் இரண்டு, மூன்று மாதத்துக்கும் பேசி வாங்கலாம். ஆறு என்று வைத்தால் 1,50,000. அதோடு முதல் மாத வாடகை 25,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 25,000. லாரிக் கூலிக்கு முன்பே இரண்டு லட்சம் போய்விட்டது. வேளச்சேரி அட்வான்ஸ் 66,000 அன்றைக்கு உங்கள் கையில் இருக்காது, சாவி கொடுத்த பிறகுதான் வரும்.

பதினோராவது மாதம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது 5 சதவீதம் ஏறும். 25,000 என்பது 26,250 ஆகும், அடுத்த முறை 27,562. ஏற்றம் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை இல்லை, பதினொன்றுக்கு ஒரு முறை. ஆகவே ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்தரை சதவீதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காலி செய்யும் நாள். 'பெயிண்டிங் சார்ஜ்' என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு வருஷம் இருந்தாலும் ஒன்றுதான், எட்டு மாதத்தில் கிளம்பினாலும் ஒன்றுதான்.

இப்போது 22 மாதம் இருந்து காலி செய்வதாகக் கணக்கிடுவோம். சராசரி வாடகை 25,625. மெயின்டனன்ஸ் 1,100 சதுர அடி வீட்டுக்கு, அடிக்கு மூன்றரை ரூபாய் வீதம் 3,850. பெயிண்டிங் 26,250-ஐ 22 மாதத்துக்குப் பிரித்தால் 1,193. புரோக்கர் 1,136. சென்னையைவிடக் கூடுதலாக முடங்கும் 84,000-க்கு 7 சதவீத வட்டி இழப்பு மாதம் 490. கூட்டினால் 32,294. நீங்கள் 22,000-க்கு எதிரே வைக்க வேண்டிய எண் 25,000 இல்லை, இதுதான்.

நவம்பர் 4

நேற்றைய ஒப்பீட்டில் ஒரு தப்பு. பெங்களூர் பக்கம் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு வேளச்சேரிக்கு வெறும் வாடகையை வைத்தேன். அங்கும் மெயின்டனன்ஸ் 2,000 உண்டு. வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்தாலும் நாலு வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 458. ஆக 24,458. வித்தியாசம் 7,836 ரூபாய். பத்தாயிரம் இல்லை, மூவாயிரமும் இல்லை.

இன்னொன்றும் இதில் தெரிகிறது. ஒரே வீட்டில் எத்தனை மாதம் இருக்கிறீர்கள் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது. பதினோரு மாதத்தில் வீடு மாறினால் புரோக்கரும் பெயிண்டிங்கும் மட்டுமே மாதம் 4,545. முதல் வீட்டை அவசரப்பட்டுப் பிடித்து, பிடிக்காமல் மாறுவதுதான் பெங்களூரில் மிகப் பெரிய நஷ்டம். முதல் மாதம் ஒரு பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதி) தங்கிக்கொண்டு வீடு பார்ப்பது மலிவு.

நவம்பர் 4, மாலை

'சட்டம் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறதே' என்று கேட்டிருக்கிறார் ஒருவர். அது தமிழ்நாட்டுச் சட்டம். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது. அதிலேயே 'வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்ற வாசகமும் இருக்கிறது. எனவே அதிகம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு வாதாடுவது சிரமம்.

எல்லை தாண்டினால் இது கிடையாது. கர்நாடக வாடகைச் சட்டம் 1999-ஆம் ஆண்டுடையது. பெங்களூரில் மாத வாடகை 3,500-க்கு மேல் உள்ள வீடுகளை அது தொடுவதே இல்லை. 25,000 ரூபாய் வீட்டுக்கு நீங்கள் கையெழுத்துப் போடும் தாள்தான் காப்பு. எனவே அந்தத் தாளை வரி வரியாகப் படியுங்கள்.

நவம்பர் 6

ஒப்பந்தத்தில் எங்கே கைவைக்க வேண்டும் என்று கேட்டீர்கள். வழக்கமான வரி இப்படி இருக்கும்: 'காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங் மற்றும் சுத்தம் செய்யும் செலவாகக் கழிக்கப்படும்.' இதை 'ஒரு மாத வாடகை அல்லது பில்லின்படி ஆன செலவு, எது குறைவோ அது' என்று மாற்றச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு கேட்டால் பல ஓனர்கள் ஒத்துக்கொள்வார்கள். கொடுத்த பிறகு கேட்டால் சிரிப்பார்கள்.

அடுத்தது லாக்-இன். பதினோரு மாதத்துக்குள் கிளம்பினால் ஒரு மாதமோ இரண்டு மாதமோ அபராதம் என்று இருக்கும். வேலை மாற்றம் வந்தால் அபராதம் இல்லை என்று ஒரு வாக்கியம் சேர்க்கலாம். நோட்டீஸ் காலம் இரு பக்கத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓனருக்கு ஒரு மாதம், உங்களுக்கு இரண்டு என்று தட்டச்சு செய்துவைத்திருப்பார்கள்.

அட்வான்ஸ் எப்போது திரும்பும் என்ற வரிதான் முக்கியம். 'காலி செய்த பிறகு' என்று மட்டும் இருந்தால் அது எந்த நாளும் இல்லை. 'சாவி ஒப்படைக்கும் அன்றே வங்கி வழியாக' என்று எழுதுங்கள். அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் உங்களுடையது கிடைக்கும் என்று சொல்லும் ஓனர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் 'நோட்டீஸ் கால வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம்' என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். எழுதாமல் கடைசி மாதங்களில் வாடகையை நிறுத்தினால் தவறு உங்கள் பக்கம் ஆகிவிடும்.

பதினோரு மாதக் கணக்கு ஏன் என்றும் ஒருவர் கேட்டார். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது. அதைத் தவிர்க்கத்தான் பதினொன்று.

நவம்பர் 7

கரண்ட். இதில் பெங்களூர் உங்களுக்குச் சாதகமாகக்கூட முடியலாம்.

2025 நிலவரம் இது: தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் இடையில் இருந்த சலுகையும் போய்விடும். கர்நாடகத்தில் மாதா மாதம் பில், வீடுகளுக்கு அடுக்கு கிடையாது, 2025-26-இல் யூனிட்டுக்கு 5.80 ரூபாய். அதோடு ஒரு கிலோவாட்டுக்கு 145 வீதம் நிலைக் கட்டணம். மூன்று கிலோவாட் இணைப்பென்றால் விளக்கே போடாவிட்டாலும் 435.

இதன் மேல் 2023-இல் வந்த கிருஹ ஜோதி திட்டம். மாதம் 200 யூனிட் வரை இலவசம், வாடகைக்கு இருப்பவருக்கும் உண்டு. ஆனால் எல்லாருக்கும் 200 இல்லை. அந்த மீட்டரில் 2022-23 நிதியாண்டில் ஓடிய மாத சராசரி, அதன் மேல் பத்து சதவீதம். சராசரி 90 என்றால் உங்களுக்கு 99 யூனிட். அதற்கு மேல் 200 வரை போனால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் பணம். 200-ஐத் தாண்டிய மாதம் முழு பில்லும் உங்கள் தலையில். தகுதி 200-ஐ ஒட்டி உள்ள வீட்டில் 199 ஓடினால் பூஜ்யம், 201 ஓடினால் அந்தக் கட்டணத்தில் வரிக்கு முன்பே 1,600. வெயில் காலத்தில் மீட்டரை மாதக் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்வது பலன் தரும்.

புதுக் கட்டடத்துக்குப் பழைய சராசரி இருக்காது. அதற்கு 53 யூனிட்டோடு பத்து சதவீதம், அதாவது 58 தான்.

நவம்பர் 7, சற்றுப் பின்

முக்கியமானதை விட்டுவிட்டேன். அந்த இணைப்பில் பழைய குடித்தனக்காரரின் ஆதார் ஒட்டிக்கொண்டிருந்தால் உங்களுடையதைச் சேர்க்க முடியாது. அவர் அதை நீக்க வேண்டும். அதற்கான வசதி 2024-இல் வந்தது. வீடு பார்க்கப் போகும்போதே மீட்டர் பெட்டியில் இருக்கும் ஆர்.ஆர். எண்ணை (மின் இணைப்பு எண்) படம் எடுங்கள், கடைசி பில் ஒன்றையும் கேளுங்கள். பில்லைப் பார்த்தால் சலுகை நடப்பில் இருக்கிறதா, எத்தனை யூனிட் தகுதி, பாக்கி உண்டா என்பது மூன்றும் தெரியும். பிறகு கர்நாடக அரசின் சேவா சிந்து இணையதளத்தில் ஆதார், இணைப்பு எண், வாடகை ஒப்பந்தம் வைத்து விண்ணப்பம். மேல் மாடி, கீழ் வீடு என்று ஒரே மீட்டரில் ஓடும் வீடுகளில் சலுகை ஓனருக்குப் போகும், உங்களிடம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார். தனி மீட்டர் இல்லாத வீட்டை அந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளிவைக்கலாம்.

நவம்பர் 9

தண்ணீர். சென்னைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றாலும் பெங்களூரின் கணக்கு வேறு. ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். காவிரித் தண்ணீர் சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேலேற்றப்பட்டு வருகிறது. ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபர் 16 அன்று தொடங்கியது. புறநகரில் 110 கிராமப் பகுதிகளுக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். 'காவிரி வருகிறதா' என்று கேட்டால் 'லைன் போட்டாச்சு' என்பார்கள். தெருவில் குழாய் போட்டிருப்பது ஒன்று, கட்டடத்துக்கு இணைப்பு வாங்கியிருப்பது வேறு. சங்கம் கட்டும் தண்ணீர் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

இல்லையென்றால் போர்வெல், அது வற்றினால் டேங்கர். 2024 மார்ச் தட்டுப்பாட்டில் மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயித்தது: 12,000 லிட்டர் ஐந்து கிலோமீட்டருக்குள் 1,000, பத்துக்குள் 1,200. இருபது வீட்டுக் கட்டடம் தினம் ஒரு டேங்கர் அந்த 1,200-க்கு வாங்கினால் மாதம் 36,000, வீட்டுக்கு 1,800. மெயின்டனன்ஸுக்குள் தண்ணீர் அடக்கமா, தனியா என்பதை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் இந்த 1,800 ஏப்ரலில் தனி ரசீதாக வரும்.

போர்வெல் தண்ணீரின் கடினத்தைப் பார்க்க எளிய வழி: சமையலறைக் குழாயின் முனையில் உள்ள சல்லடையைத் திருகிக் கழற்றுங்கள். உள்ளே சுண்ணாம்பு போல வெள்ளையாகப் பொருக்கு தட்டியிருந்தால் கீசர் கம்பியும் வாஷிங் மெஷினும் அதே கதி ஆகும். ஆர்.ஓ. குடிக்கும் தண்ணீருக்குத்தான் உதவும்.

நவம்பர் 10

வருமான வரி. எச்.ஆர்.ஏ. (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படி) கழிவில் 2025-26 நிதியாண்டு வரை சென்னை மெட்ரோ நகரம், பெங்களூர் இல்லை. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை நாலுக்கும் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் உச்சமாக இருந்தது, மற்ற ஊர்களுக்கு 40. எனவே அந்த விதிப்படி ஊர் மாறியதும் கழிவு குறைந்தது.

நவம்பர் 10, இரவு

மேலே சொன்னதைப் படித்துவிட்டு எல்லாரும் பயப்பட வேண்டாம். கழிவு என்பது மூன்றில் குறைந்தது: கையில் வரும் எச்.ஆர்.ஏ., வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் பத்து சதவீதத்தைக் கழித்தது, 40 அல்லது 50 சதவீத உச்சம். வாடகை அடிப்படைச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால்தான் 40 என்ற உச்சம் இடிக்கும். அடிப்படை 60,000, வாடகை 25,000 என்றால் இரண்டாவது எண் 19,000, உச்சம் 24,000. ஊர் மாறியதால் ஒரு ரூபாயும் குறையவில்லை. அடிப்படை 45,000 என்றால் இரண்டாவது எண் 20,500, ஆனால் பெங்களூருக்கு 2025-26 வரை இருந்த உச்சம் 18,000. மாதம் 2,500 கழிவு போனது, ஆண்டுக்கு 30,000. இருபது சதவீத வரம்பில் செஸ் சேர்த்து 6,240 ரூபாய் கூடுதல் வரி. புதிய வரி முறையில் இருப்பவருக்கு இந்தக் கழிவே இல்லை, இந்தக் குறிப்பைத் தாண்டிப் போகலாம்.

கணக்கில் வருவது வீடு இருக்கும் ஊர், அலுவலகம் இருக்கும் ஊர் இல்லை. ஓசூருக்கு 40 தான்.

நவம்பர் 13

ஓசூர். வாடகை குறைவு, அட்வான்ஸுக்கு மேலே சொன்ன தமிழ்நாட்டுச் சட்டம், வண்டிக்கு மறுபதிவு வேண்டாம். எதிர்ப்பக்கம் பயணம். எலக்ட்ரானிக் சிட்டி இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பைக்கில் போக வர 45 கிலோமீட்டர், 22 வேலை நாள், லிட்டருக்கு 45 ஓடினால் 22 லிட்டர். லிட்டர் 102 என்றால் 2,244. கார் என்றால் பெட்ரோல் மூன்று மடங்கு, அத்திப்பள்ளி சுங்கம் இரு வேளையும்.

மஞ்சள் தட மெட்ரோ 2025 ஆகஸ்டில் திறந்தது. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை, 16 நிலையங்கள். எலக்ட்ரானிக் சிட்டி அதில் வருகிறது. ஓசூர்க்காரர் பொம்மசந்திரா வரை வேறு வண்டியில் வந்தாக வேண்டும். மெட்ரோ ஓசூர் வரை நீளும் என்ற பேச்சைச் சொல்லி மனை விலையையும் வாடகையையும் ஏற்றுகிறார்கள். இன்று ஓடாத ரயிலுக்கு இன்றே காசு கொடுக்காதீர்கள்.

என் கருத்து: வாரம் மூன்று நாளுக்குக் குறைவாக அலுவலகம் போகிறவருக்கும், எலக்ட்ரானிக் சிட்டி, ஜிகனி, பொம்மசந்திரா பக்கம் வேலை உள்ளவருக்கும் ஓசூர் சரி. வைட்ஃபீல்டு போகிறவருக்கு வேண்டவே வேண்டாம்.

நவம்பர் 14

'பெங்களூரில் குடியேறினால் காருக்கு உடனே வரி கட்ட வேண்டுமா?' இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவின்படி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால்தான் மறுபதிவு. ஊருக்கு வந்த நாளைக் காட்ட வாடகை ஒப்பந்தத்தின் நகலை வண்டியில் வையுங்கள். இரண்டு வருஷம் இருப்பதென்று முடிவானால் இதுவும் வீட்டுச் செலவோடு சேர்ந்த செலவுதான், கர்நாடகத்தின் ஆயுள் வரி கனமானது. வரிசை இது: தமிழ்நாட்டு ஆர்.டி.ஓ.வில் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, கடன் இருந்தால் வங்கியின் சம்மதம், பெங்களூரில் படிவம் 27, வண்டியின் வயதுக்குத் தக்கபடி குறைத்த ஆயுள் வரி, அதன் பிறகு தமிழ்நாட்டில் மீதி வரியைத் திருப்பிக் கேட்பது. கடைசிப் படியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

நவம்பர் 16

கேஸ். நிரம்பிய சிலிண்டரைச் சாமான் லாரியில் ஏற்றக் கூடாது. இங்குள்ள ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் வாங்குங்கள். அன்றைக்கு நீங்கள் கட்டிய பழைய டெபாசிட்தான் திரும்பும். புது ஊரில் 14.2 கிலோ சிலிண்டருக்கு 2,200, ரெகுலேட்டருக்கு 250. பல அபார்ட்மெண்ட்டுகளில் குழாய் கேஸ் இருக்கிறது. அப்படியானால் சிலிண்டர் அடுப்பின் ஜெட்டை மாற்ற வேண்டும், துளை அளவு வேறு. மாற்றாமல் பற்றவைத்தால் சுடர் சோர்ந்து எரியும்.

நவம்பர் 19

'வாடகையே வேண்டாம், வாங்கிவிட்டால்?' பதிவுச் செலவு மட்டும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். கர்நாடகத்தில் 45 லட்சத்துக்கு மேல் 5 சதவீதத் தீர்வை, அதன் மேல் செஸ்ஸும் சர்சார்ஜும் சேர்த்து 5.6. பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் ஒன்றிலிருந்து இரண்டானது. ஆக 7.6. எழுபது லட்சத்துக்கு 6.30 லட்சம், 5.32 லட்சம்.

நவம்பர் 20

நேற்றைய கணக்கு மனைக்கும் கைமாறிய வீட்டுக்கும்தான் சரி. புது ஃப்ளாட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் வேறு முறை: முதல் விற்பனையில் 50 லட்சம் வரை 6 சதவீதம், 3 கோடி வரை 7, அதற்கு மேல் 9. எழுபது லட்ச புது ஃப்ளாட் என்றால் சென்னையிலோ ஓசூரிலோ 4.90 லட்சம், பெங்களூரில் 5.32. மலிவு தலைகீழாகிறது. நாற்பது லட்சப் புது ஃப்ளாட்டில் மறுபடி மாறும். கர்நாடகத்தில் 20 முதல் 45 லட்சம் வரையான புது ஃப்ளாட்டுக்குத் தீர்வை 3 சதவீதம்தான், எல்லாம் சேர்த்து 5.36, ஆக 2.14 லட்சம். தமிழ்நாட்டில் 2.40.

பெங்களூரில் பட்டாவுக்குப் பதில் காத்தாவை (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) கேட்க வேண்டும். ஏ-காத்தாவா (முறையானது), பி-காத்தாவா (முறைப்படுத்தாதது) என்பதைப் பொறுத்து வங்கிக் கடனே நின்றுபோகலாம். இ-காத்தா (மின்னணுக் காத்தா) இல்லாமல் இப்போது பதிவே நடக்காது.

நவம்பர் 24

லீஸ் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நம் பக்கத்து ஒத்தி, போக்கியம்தான். 15 லட்சம் கொடுத்தால் வாடகை இல்லை, இரண்டு மூன்று வருஷத்தில் பணம் திரும்பும் என்பார்கள். 15 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி மாதம் 8,750. வீட்டின் வாடகை 25,000. ஒரு ஓனர் ஏன் இவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்? பெரும்பாலும் பணம் அவருக்கு வேறு எங்கோ அவசரமாகத் தேவைப்படுகிறது. வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து தவணை நின்றால், வங்கி வந்து பூட்டும்போது முத்திரைத் தாளில் எழுதிய லீஸ் நிற்காது.

எடுப்பதென்றால் கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி தளத்தில் வில்லங்கச் சான்று, அடமானங்களைப் பதியும் மத்தியப் பதிவகமான செர்சாய் தளத்தில் கட்டணம் கட்டி அடமானத் தேடல், ஓனரின் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்ப்பது, ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது. ஓனருக்குப் பதில் இடைத்தரகரின் கணக்கில் பணம் போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஓனருக்கு மாத வாடகையும் உங்களிடம் மொத்தத் தொகையும் பேசிவிட்டு நடுவில் மறைந்துபோகும் முறை அந்த ஊரில் பலரைத் தெருவில் நிறுத்தியிருக்கிறது.

நவம்பர் 30

வீடு முடிவாகிவிட்டது, ஐந்து மாத அட்வான்ஸ், பெயிண்டிங் வரியையும் மாற்றிக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஐந்து என்றால் 1,25,000, வட்டி இழப்பு 490-லிருந்து 344 ஆகிறது. தொகை சிறியதுதான், ஆனால் காலி செய்யும் நாளில் ஓனர் கையில் சிக்கியிருக்கும் பணம் 25,000 குறைவு. அதுதான் பெரிய லாபம்.

சாவி வாங்கும் அன்று சாமான் இறங்குவதற்கு முன்பு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சுவரில் உள்ள ஆணித் துளைகள், பாத்ரூம் டைல்ஸ் விரிசல், கதவின் அடிப்பக்கம் ஊறிய இடம், அலமாரிக் கீல், மீட்டர் அளவு ஆகியவற்றைப் படமெடுத்து அன்றே ஓனருக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள். பழைய குடித்தனக்காரர் கிருஹ ஜோதியிலிருந்து தன் ஆதாரை நீக்கிவிட்டாரா என்பதை மீதி அட்வான்ஸைக் கட்டுவதற்கு முன்பே ஓனரிடம் கேளுங்கள். அதற்குப் பின் கேட்டால் அந்த ஆளின் எண் எங்கே என்று தேடத் தொடங்குவார்கள்.